வெளுத்துப் போன ரசீதுகள்: அறக்கட்டளைப் பணம் மலைக்கிராமத்துக்குப் போகும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டிப் போனால் வெருலம், டோங்காட் என்று இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் ஐந்தாறு தலைமுறையாக வாழும் ஊர்கள் வரும். அங்கிருந்து மேற்கே திரும்பி, கரும்புத் தோட்டங்கள் முடிகிற இடத்தையும் தாண்டி மேலே ஏறினால் என்ட்வெட்வே மலைகள். தார்ச்சாலை மண்சாலையாகும். வீடுகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டச் சரிவுகளில் நிற்கும். அப்படி ஒரு சரிவில், தகரக் கூரையின் கீழ், ஒரு பாலர் காப்பகம் நடக்கிறது. அதை நடத்தும் அம்மையாரை ஊரே கோகோ என்று கூப்பிடுகிறது. ஜூலு மொழியில் கோகோ என்றால் பாட்டி. நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வடகரைப் பக்கம் உள்ள சின்னச் சின்னச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அதனால்தான் அந்த வீட்டுத் திண்ணை எனக்குப் பழக்கமானது.

ஒருநாள் கோகோ ஒரு செருப்புப் பெட்டியை என் முன்னால் வைத்தார். ஓர் அறக்கட்டளை கொடுத்த உணவு மானியத்தின் ரசீதுகள் அத்தனையும் அதில் இருந்தன. மக்காச்சோள மாவு, பருப்பு, பால் பவுடர், முட்டைக்கோஸ், சோப்பு என்று கிட்டத்தட்ட ஒரு வருடச் செலவு. பெட்டியைத் திறந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாதிச் சீட்டுகள் வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் கிழித்துக் கொடுக்கும் பில் வெப்பத்தில் எழுத்து ஏறும் காகிதம். அதே வெப்பம் அதை அழித்தும் விடும். பெட்டி இருந்ததோ அடுப்புக்கு மேலே உள்ள பலகையில். கோகோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பொருள், தொகை என்று பென்சிலால் ஒரு காசு விடாமல் எழுதி வைத்திருந்தார். அறக்கட்டளை அந்த நோட்டை ஏற்கவில்லை. விதிமுறை ரசீதைக் கேட்டது. இரண்டாம் தவணை நின்றது.

அந்த அறக்கட்டளையில் இருப்பவர்களும் நல்லவர்கள்தாம். அவர்களுக்கும் மேலே ஒரு தணிக்கையாளர் இருக்கிறார், வரித்துறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கொடுப்பதற்குப் பணம் இருக்கிறது, கிராமத்தில் தேவையும் இருக்கிறது. நடுவே உள்ள தூரத்தை நடந்து கடக்கும் ஆளுக்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆண்டுக்கணக்காக இந்தச் சங்கங்களோடு உட்கார்ந்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செல்வந்தர்களும் குடும்பங்களும் விட்டுச் சென்ற அறக்கட்டளைகள் ஒரு வகை. 1979இல் டக்ளஸ் மரே தம்பதியர் தங்கள் கட்டுமானத் தொழிலின் செல்வத்தைக் கொண்டு நிறுவிய டி.ஜி. மரே டிரஸ்ட் இவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று. குழந்தைகளின் தொடக்கக் கல்வியில் பெரிய அளவில் செலவிடுகிறது. இன்னொரு வகை போராட்டக் காலத்தில் பிறந்தவை. நிறவெறி அரசின் கைபடாமல் வெளிநாட்டு உதவி மக்களைச் சென்றடைய வேண்டும் என்று 1985இல் டெஸ்மண்ட் டூட்டு, பெயர்ஸ் நவுடே போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய ககிசோ டிரஸ்ட் அப்படிப்பட்டது. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அந்த வெளிநாட்டுப் பணத்தில் பெரும்பகுதி புதிய அரசுக்குத் திரும்பியது. நேராகக் கிராமத்துச் சங்கங்களுக்கு வந்துகொண்டிருந்த ஊற்று பல இடங்களில் அப்போதே வற்றத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது, நிறுவனங்கள் கொடுப்பது. 2003ஆம் ஆண்டின் கறுப்பின மக்களுக்கான பொருளாதார வலுவூட்டல் சட்டமும் அதன் விதித்தொகுப்பும் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுகின்றன. வரி போக மிஞ்சும் நிகர லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூக, பொருளாதார மேம்பாட்டுக்குக் கொடுத்தால் அதற்கென ஒதுக்கிய 5 புள்ளிகள் கிடைக்கும். முழுச் செலவையும் கணக்கில் காட்ட, பயன்பெறுவோரில் குறைந்தது 75 சதவீதத்தினர் கறுப்பின மக்களாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் பொருளில் கறுப்பின மக்கள் என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் ஆகிய குடிமக்கள் எல்லாரும் அடங்குவர். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வர்த்தில் உள்ள முதியோர் இல்லமும் என்ட்வெட்வே பாலர் காப்பகமும் இந்த அளவுகோலில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்தப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசரமாக வரும். நிறுவனத்தின் மதிப்பீடு முடிவதற்குள் செலவழிந்துவிட வேண்டும். ஒரு கிராமத்துச் சங்கத்துக்கு, பத்து நாளில் திட்டமும் விலைப்புள்ளிகளும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வரும். அதைப் படிக்க இணைய வசதி உள்ள இடத்துக்குப் போகவே இரண்டு மினிபஸ் டாக்ஸி மாற வேண்டும். ஏற்கெனவே எல்லாக் காகிதமும் கைவசம் வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பணம் போய்ச் சேரும்.

அந்தக் காகிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு தொண்டு அமைப்பு மூன்று சட்ட வடிவங்களில் ஒன்றை எடுக்கலாம். விதிமுறை எழுதி, உறுப்பினர் கூடி அமைக்கும் தன்னார்வச் சங்கம் முதலாவது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் அதிகாரக் கடிதம் பெற்று நடத்தும் டிரஸ்ட் இரண்டாவது. 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதியப்படும் லாப நோக்கற்ற கம்பெனி மூன்றாவது. கிராமத்தில் இருப்பவை பெரும்பாலும் முதல் வகை. அதன் பிறகு, 1997ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்து ஓர் எண் வாங்கலாம். உள்நாட்டில் மட்டும் இயங்கும் அமைப்புக்கு இது கட்டாயமில்லை என்கிறது சட்டம். ஆனால் அந்த எண் இல்லாமல் எந்த மானியக்காரரும் கதவைத் திறப்பதில்லை. ஆக, நடைமுறையில் அது கட்டாயம்தான். இப்படிப் பதிந்த அமைப்புகள் நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

பதிந்தால் போதாது. ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் ஒன்பது மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கையும் நிதி அறிக்கையும் துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் பதிவு போய்விடும். 2013 தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவை இந்தக் காரணத்துக்காகத் துறை ரத்து செய்தது. பெரும் கூச்சல் எழுந்ததும் துறை பின்வாங்கியது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த எத்தனையோ பேர், தங்கள் அமைப்பு காகிதத்தில் செத்துப்போனதை மானிய விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நுட்பமான வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். சட்டம் கேட்பது ஒரு கணக்கு அலுவலரின் அறிக்கையை. தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, நிதி அறிக்கை அதோடு பொருந்துகிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். மானியம் கொடுப்பவர்களில் பலரோ தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, அதுவும் இரண்டு வருடத்துக்கு, வேண்டும் என்கிறார்கள். தணிக்கைக்கு ஆகும் கட்டணம் சில சமயம் கேட்கும் மானியத்தையே விழுங்கிவிடும். சட்டமே சிறிய அமைப்புகளுக்கு இறங்கிக் கொடுத்திருக்கும் இடத்தில் அறக்கட்டளைகள் இறங்க மறுக்கின்றன. இது மாற வேண்டும். மாற்றுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. 2001ஆம் ஆண்டின் நிதிப் புலனாய்வு மையச் சட்டப்படி வங்கி தன் வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க வேண்டும். கையெழுத்திடும் மூவரும் அடையாள அட்டையோடும் முகவரிச் சான்றோடும் வர வேண்டும். மலைச்சரிவில் தெருவும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. ஊரின் தலைவரான இந்தூனாவிடம் போய் முத்திரை வைத்த கடிதம் வாங்க வேண்டும். கோகோவின் குழுவில் கையெழுத்திடுபவர்களில் ஒருவர் இறந்துபோனார். பெயர் மாற்ற ஏழு முறை டவுனுக்குப் போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைந்தது. அந்தப் போக்குவரத்துச் செலவை எந்த மானியத்தின் எந்தத் தலைப்பில் எழுதுவது? கோகோ தன் முதியோர் உதவித்தொகையிலிருந்து கொடுத்தார்.

நிலத்தின் கதை வேறு. டர்பனும் இந்த மலைகளும் அடங்கிய குவாசுலு நட்டால் மாகாணத்தில் ஏறக்குறைய 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இங்கோன்யாமா டிரஸ்ட்டின் பெயரில் இருக்கிறது. 1994இல் உருவான இந்த டிரஸ்ட்டின் ஒரே அறங்காவலர் ஜூலு மன்னர். இந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களிடம் பட்டா இருக்காது; குடியிருக்க அனுமதிக் கடிதமோ குத்தகைப் பத்திரமோதான் இருக்கும், பலரிடம் அதுவும் வாய்மொழியாகத்தான். கட்டடம் கட்ட மானியம் கேட்டால், நிலம் யாருடையது என்பதுதான் அறக்கட்டளையின் முதல் கேள்வி. அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. நாளைக்கு நிலம் கைமாறினால் கட்டடம் யாருக்கு? இதனால் கட்டட மானியங்கள் பட்டா நிலமுள்ள டவுன் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. கூரை ஒழுகும் காப்பகம் அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கிறது. சிலர் கப்பல் கொள்கலனை வகுப்பறையாக மாற்றிக் கொடுக்கிறார்கள். தேவையென்றால் தூக்கிப் போய்விடலாம், நிலக் கேள்வி எழாது. வெயிலில் அதற்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தீர்வின் விலை தெரியும்.

இனி வரி. இந்தப் பகுதியைக் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். 1962ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் ஓர் அமைப்பு பொதுநல அமைப்பாக ஏற்கப்பட்டால் அதன் வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைக்கலாம். கொடுப்பவருக்கும் விலக்கு வேண்டுமென்றால் 18ஏ என்ற இன்னொரு பிரிவின் அங்கீகாரம் வேண்டும். அந்தப் பிரிவின் கீழ் ரசீது கிடைத்தால், கொடையாளர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான கொடையைக் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சுவதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். நிறுவனங்கள் முதலில் கேட்பது இந்த ரசீதைத்தான்.

சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதியில் உள்ள பணிகள் அமைப்புக்கு விலக்கு தரும். இரண்டாம் பகுதியில் உள்ள பணிகளுக்கு மட்டுமே 18ஏ ரசீது. நலப்பணி, மருத்துவம், கல்வி, இயற்கைப் பாதுகாப்பு, நிலமும் வீடும் ஆகியவை இரண்டாம் பகுதியில் உண்டு. சமயமும் பண்பாடும் முதல் பகுதியோடு நின்றுவிடுகின்றன. எங்கள் கோயிலின் அன்னதானத்துக்குப் பெரிய கம்பெனி ஏன் கொடுக்க மறுக்கிறது என்று வருத்தப்பட்ட ஓர் அண்ணனிடம் இதை விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. கோயிலின் பெயரில் கேட்டால் அந்தக் கதவு திறக்காது. பசித்தவருக்கு உணவு கொடுக்கும் பணியைத் தனி டிரஸ்ட்டாகப் பதிந்து, தனி வங்கிக் கணக்கு வைத்து, தனிக் கணக்கு எழுதினால் திறக்கும். அதே சமையலறை, அதே அண்டா, அதே அம்மாக்கள்தாம். இதைச் செய்து முடித்த கோயில்கள் வடகரையில் உண்டு. செய்யாமல் புலம்பும் கோயில்களும் உண்டு.

காகிதம் எல்லாம் சரியாகி மானியமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எதற்கு வருகிறது? நாற்காலி, புத்தகம், விளையாட்டுப் பொருள், தண்ணீர்த் தொட்டி. படம் எடுக்கத் தக்கவை. எதற்கு வராது? சம்பளம், மின்சாரம், டாக்ஸி, கணக்கு எழுதும் ஆள். பல அறக்கட்டளைகள் நிர்வாகச் செலவு என்ற தலைப்பைக் கண்டாலே முகம் சுளிக்கின்றன. பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். கிராமத்துக் காப்பகத்தில் நிர்வாகச் செலவு என்பது என்ன? காலை ஆறு மணிக்கு வந்து கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளைக் கழுவி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும் பெண்ணின் சம்பளம்தான் அது. அந்தப் பெண்தான் திட்டமே. அவரை மேல்செலவு என்று எழுதச் சொல்லும் படிவம் எங்கோ தடம் மாறிவிட்டது.

அரசு கொடுக்கும் தொகை இந்த இடைவெளியை நிரப்பவில்லை. பதிவு பெற்ற காப்பகங்களில், வருமானத் தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 17 ராண்ட் என்று அரசு கொடுத்து வந்தது. 2022 ஏப்ரலில் இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியபோதும் தொகை மாறவில்லை. பல ஆண்டுகள் அசையாமல் இருந்து, 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில்தான் 24 ராண்டாக உயர்ந்தது. 17 ராண்ட் ஏறக்குறைய ஒரு முழு ரொட்டியின் விலை. அதில்தான் இரண்டு வேளை உணவும், ஆசிரியரும், வாடகையும். அதுவும் பதிவு பெற்ற காப்பகத்துக்கு மட்டும். பதிவு பெறக் கட்டடம் தகுதியாக இருக்க வேண்டும், தகுதியான கட்டடத்துக்கு மானியம் வேண்டும், மானியத்துக்கு நிலக் காகிதம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கெடுபிடிகள் காரணமில்லாமல் வரவில்லை. 2000இல் தொடங்கிய தேசிய லாட்டரியின் வருமானத்தில் ஒரு பங்கு தொண்டு, விளையாட்டு, கலை ஆகியவற்றுக்குப் போக வேண்டும். யாரும் விண்ணப்பிக்காமலேயே லாட்டரி ஆணையமே முன்வந்து ஓர் அமைப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு பின்னர் வந்தது. முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம், நூலகம் என்று கோடிக்கணக்கான ராண்ட் போனது. பல இடங்களில் கட்டடம் பாதியில் நின்றது, சில இடங்களில் எழும்பவே இல்லை. தூங்கிக் கிடந்த தொண்டு அமைப்புகளின் பெயரையும் எண்ணையும் வேறு யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள். கிரவுண்டப் இணைய இதழ் விடாமல் எழுதியது. 2020இல் அதிபரின் ஆணைப்படி சிறப்புப் புலனாய்வுப் பிரிவு விசாரணையைத் தொடங்கியது. திருடப்பட்டது ஏழைகளின் பணம். டிக்கெட் வாங்கியவர்களிலும் பெரும்பாலோர் ஏழைகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

2023 பிப்ரவரியில், கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பு தென்னாப்பிரிக்காவை, கூடுதல் கண்காணிப்பில் வைக்கும் நாடுகளின் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. 2025 அக்டோபரில்தான் நாடு அதிலிருந்து வெளியே வந்தது. அதையொட்டித் தொண்டு அமைப்புகளின் பொறுப்பாளர்கள் பற்றிய விவரங்களைக் கூடுதலாகக் கேட்கும் திருத்தங்களும் வந்தன. பெரிய மோசடியைப் பிடிக்க வீசிய வலை கோகோவின் செருப்புப் பெட்டியில் வந்து சிக்கிக்கொண்டது. மோசடி செய்தவர்களின் காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன என்பதுதான் இதில் வேதனை. காகிதம் தெரிந்தவனுக்குத்தானே திருடவும் தெரியும்.

இந்த இடத்தில் நம் பாட்டன் பூட்டன் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட அரசுக்கு அக்கறை இல்லை. நீங்கள் ஒரு பவுண்ட் போட்டால் நாங்கள் ஒரு பவுண்ட் போடுகிறோம் என்றது. அரசு உதவிபெறும் இந்தியப் பள்ளிகள் என்று நட்டால் முழுக்க எழுந்தவை இப்படித்தான். கரும்புத் தோட்டக் கூலியும் காய்கறி விற்ற ஆயாவும் சில்லறை சேர்த்தார்கள். கோயில் நிலத்தில் வகுப்பறை எழுந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அரசுத் துறை இவற்றைத் தன் கீழ் எடுத்துக்கொண்டது.

அரசு செய்தது பெரிய அநீதி. வெள்ளையர் பிள்ளைக்கு முழுப் பள்ளியும் இலவசம், கூலியின் பிள்ளைக்குப் பாதிக் காசு. அந்த முறையைப் புகழ நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் முதல் காசு ஊர்க்காரர் காசாக இருந்ததால் பள்ளிக் குழு ஊர்க்காரர் கையில் இருந்தது. கணக்கைக் கேட்கும் உரிமை காய்கறிக்கார ஆயாவுக்கும் இருந்தது. ஜூலு கிராமங்களும் பிற்காலத்தில் ராண்டுக்கு ராண்ட் என்று இதே வழியில் பள்ளிகள் கட்டியவைதாம். இந்த அனுபவம் அவர்களுக்கும் நமக்கும் பொது.

பெரிய கொடைகளும் உண்டு. கேரளக் கரையிலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான், பிற்காலத்தில் வாழைத் தோட்டக்காரராகி, டர்பனில் தொழில்நுட்பக் கல்லூரி எழக் கொடுத்தார். அது வளர்ந்து, 2002இல் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் 1969இல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு அடியில் ஒரு வழக்கறிஞரின் உயில் இருக்கிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தா 1949இல் தொடங்கிய தெய்வநெறிக் கழகம், டர்பனைத் தாண்டி ஜூலு கிராமங்களில் பள்ளிக் கட்டடங்களைக் கட்டிக் கொடுத்தது.

கணக்குச் சொல்வதிலும் இங்கே ஒரு முன்னோடி உண்டு. 1909இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன் ரத்தன் டாட்டா, காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்துக்கு 25,000 ரூபாய் அனுப்பினார்; பிறகும் அனுப்பினார். சிறை சென்றவர்களின் குடும்பங்கள், அவர்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்ததற்கு இத்தகைய பணம் உதவியது. 1912இல் காந்தி டாட்டாவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பணம் எங்கே போனது என்று விளக்கி, அதை இந்தியன் ஒப்பீனியன் இதழில் வெளியிட்டார். கொடுத்தவருக்குச் சொன்ன அதே கணக்கு யார் பெயரால் பணம் வந்ததோ அவர்கள் கண்ணுக்கும் பட்டது. இன்றைய மானிய அறிக்கைகள் மேல்நோக்கி மட்டுமே போகின்றன. என்ட்வெட்வே பெற்றோர்கள் தங்கள் காப்பகத்துக்கு எவ்வளவு வந்தது என்பதை ஒருநாளும் காகிதத்தில் பார்த்ததில்லை. கோயிலில் ஒரு குழல் விளக்கு கொடுத்தால்கூட உபயம் என்று பெயர் எழுதி, காவடி முடிந்த மறுவாரம் வரவு செலவு வாசிக்கும் வழக்கம் உள்ளவர்கள் நாம். அந்த வாசிப்பைக் கிராமத்து மரத்தடியிலும் செய்யலாம். ஜூலு மொழியில், உரக்க, ஊர் கேட்க.

இடையில் நின்று தாங்கும் அமைப்புகள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. 1984இல் கேப் டவுனில் தொடங்கிய சோஷியல் சேஞ்ச் அசிஸ்டன்ஸ் டிரஸ்ட் கிராமப்புற ஆலோசனை அலுவலகங்களைத் தேடிப் போய் ஆதரித்தது. ஓய்வூதியம், வேலைநீக்கம், நில வெளியேற்றம் என்று எது வந்தாலும் ஏழைகள் முதலில் போய் நிற்கும் வாசல்கள் அவை. அந்த அலுவலகங்கள் கேக் விற்றோ கச்சேரி வைத்தோ உள்ளூரில் திரட்டும் பணத்துக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுக்கும் ஏற்பாட்டையும் அது நடத்தியது. பவுண்டுக்குப் பவுண்ட் முறையின் அநீதியைக் கழித்துவிட்டு அதன் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. ரிச்சர்ட்ஸ் பேயில் 1999இல் உருவான உதுங்குலு சமூக அறக்கட்டளை வேறொரு வழியை முயன்றது. வட்டாரத்துத் தொழிற்சாலைகளிடமும் மக்களிடமும் திரட்டிய மூலதனத்தை முதலீடு செய்து, வருமானத்திலிருந்து சுற்றுவட்டாரச் சங்கங்களுக்குச் சிறு மானியம் கொடுப்பது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மாவட்டம் என்பதால் ரசீது வெளுத்துப்போனால் நேரில் வந்து காப்பகத்தைப் பார்க்க முடியும். ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தால் அது முடியாது.

இது போன்றவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது எச்.ஐ.வி. பணி செய்துகொண்டிருந்த எத்தனையோ அமைப்புகள் ஒரே மாதத்தில் கதவடைத்தன. அவை விட்ட இடத்தையும் நிரப்பச் சொல்லி உள்நாட்டு அறக்கட்டளைகளின் வாசலில் இப்போது வரிசை நீண்டிருக்கிறது. அந்த வரிசையில் முன்னால் நிற்பவை ஆங்கிலத்தில் அழகாக விண்ணப்பம் எழுதத் தெரிந்த நகரத்து அமைப்புகள்.

கடற்கரையோரத் தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும் இங்கே ஒரு வேலை செய்ய முடியும் என்று நம்புகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கணக்காளர்கள் நம்மிடம் ஏராளம். வெருலத்திலிருந்து என்ட்வெட்வே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். மாதம் ஒருமுறை போய் ஒரு சங்கத்தின் கணக்கை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாலே அதன் விண்ணப்பம் வரிசையில் முன்னால் நகரும்.

இதில் தயக்கங்கள் உண்டு, அவை நியாயமானவை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடந்த கலவரத்தின் நினைவு வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனுக்கு வடக்கே இந்தியர் மிகுந்து வாழும் ஃபீனிக்ஸில் சிந்திய ரத்தம் காய்ந்து அதிக நாள் ஆகவில்லை; அங்கே இறந்தவர்களின் குடும்பங்கள் இந்த மலைகளிலும் இருக்கக்கூடும். காரில் வந்து இறங்கி, நாங்கள் உங்களுக்குச் சொல்லித் தருகிறோம் என்று நின்றால் அந்தக் கிராமம் வாயைத் திறக்காது, திறக்கவும் வேண்டியதில்லை. மாதச் சந்தா போட்டுச் சேமிக்கும் ஸ்டோக்வெல் ஒவ்வொரு ஜூலு கிராமத்திலும் நடக்கிறது. நம் சீட்டு போலத்தான், ஆனால் நம் சீட்டைவிட ஒழுங்காகக் கணக்கு வைக்கும் ஸ்டோக்வெல்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்குத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். தெரிந்த கணக்கை அறக்கட்டளையின் மொழியில் எழுதிக் கொடுக்கத்தான் கை வேண்டும். அந்தக் கையும் சில வருடத்தில் அவர்கள் வீட்டுக் கையாகவே மாற வேண்டும்.

கோகோவின் காப்பகத்தில் இப்போது அது நடந்துகொண்டிருக்கிறது. கோயில் மகளிர் குழு ஒன்று மாதத்துக்கு இரண்டு நாள் கூலி கொடுக்கிறது. அந்தக் கூலிக்குக் கணக்கு எழுத வருவது அதே காப்பகத்தில் பிள்ளையாக இருந்து, இன்று தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். டவுனில் பொருள் வாங்கியவுடன் கடை வாசலில் நின்றே பில்லைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவள் போட்ட முதல் விதி. பென்சில் நோட்டை அவள் தூக்கிப் போடவில்லை. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் பெற்றோர் கூட்டத்தில் வாசித்து, அடியில் மூன்று தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கினாள். அந்தப் பக்கங்களின் நகலோடு, நின்றுபோன இரண்டாம் தவணைக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பணம் இன்னும் வரவில்லை, ஆனால் நேரில் வந்து பார்க்க ஒருவரை அனுப்புகிறோம், வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். தெருப்பெயர் இல்லாத இடத்துக்கு எப்படி வழி சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் தார்ச்சாலை முடியும் இடத்தில் தானே போய் நிற்பதாக எழுதி அனுப்பிவிட்டாள்.